கொண்டு வந்து சேர்ப்பவருக்கும் ஒரு பங்கு உண்டு

 

 

இன்று நாம் பேசப்போகும் விஷயம் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். நம் வீட்டு வாசலுக்குப் பொருள் கொண்டு வந்து தருகிறாரே, அந்த டெலிவரி சகோதரரைப் பற்றியது. ஜும்ஆ மேடையில் பேச வேறு விஷயமா இல்லை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை நம் வீட்டுக் கதவில் நடக்கும் ஒரு காரியத்தில் நம்முடைய அக்லாக் எப்படி இருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல. பெரிய மனிதர்கள் முன்னால் எல்லோருக்கும் நல்ல குணம் வந்துவிடும். பெயர் தெரியாத ஒருவர் முன்னால், அரை நிமிடத்தில், நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? நம் குணத்தின் உண்மையான எடை அங்கேதான் தெரியும்.

அதோடு இதில் ஒரு கேள்வியும் இருக்கிறது. பலர் மனதில் உள்ள கேள்விதான்: "காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்? டெலிவரி கட்டணமும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்? அது அவர் வேலை. இதில் நன்றி எங்கிருந்து வந்தது?" இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடிப் பார்ப்போம்.

காசு எதற்கு, நன்றி எதற்கு?

நம் சிங்கப்பெருமாள் கோயில் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, ஒரு பக்கம் ரயில் பாதை. ஒரகடம் போகும் சாலையில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள். மறைமலை நகர், மகிந்திரா சிட்டி என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். வயல்வெளியாக இருந்த இடமெல்லாம் மனைப்பிரிவாகி, புதுப்புது நகர்கள் முளைத்திருக்கின்றன. அவற்றில் பல தெருக்களுக்குப் பெயர்ப்பலகை இருக்காது. வீட்டு எண் வரிசையாக இருக்காது. செல்போன் காட்டும் இடம் ஒன்று, வீடு இருக்கும் இடம் ஒன்று. சாலையின் எதிர்ப்பக்கம் போகவேண்டும் என்றால் தூரமாய்ப் போய்த் திரும்பி வரவேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும். ஐப்பசி கார்த்திகையில் பள்ளம் எது, தெரு எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்கும்.

இந்த ஊரில் ஒருவர் பார்சலோடு நம் வீட்டைத் தேடி வருகிறார். பொருளைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. அதற்குத்தான் கூலி. ஆனால் சிலர் அத்தோடு நிற்பதில்லை. மழை வரும்போல் இருந்தால் பார்சலைப் படியில் வைக்காமல் உள்ளே தள்ளி, நனையாத இடமாகப் பார்த்து வைக்கிறார்கள். "குழந்தை தூங்குது, மணி அடிக்காதீங்க" என்று ஒருமுறை சொன்னதை அடுத்த முறையும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வயதான அம்மா தனியாக இருக்கும் வீடு என்றால், அரிசி மூட்டையை வாசலில் போடாமல் சமையல்கட்டு வரைக்கும் கொண்டுபோய் இறக்கி வைக்கிறார்கள். உள்ளே பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் பொருளை வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்கிறார்கள்.

சகோதரர்களே, இந்தக் காரியங்களுக்கு எந்த ரசீதிலும் விலை போடவில்லை. நாம் கட்டிய டெலிவரி கட்டணம் பொருளைச் சுமந்ததற்கு. இந்த அக்கறைக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

நம் மார்க்கத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கடமையைச் சரியாகச் செய்வது, கொடுக்கவேண்டியதைக் குறையாமல் கொடுப்பது அத்ல், அதாவது நீதி. அதற்கு மேலே போய் அழகாகச் செய்வது இஹ்ஸான். வாராவாரம் ஜும்ஆ குத்பாவின் முடிவில் கதீப் ஓதும் வசனத்தை நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அன்னஹ்ல் சூராவின் 90வது வசனம். அல்லாஹ் நமக்கு ஏவும் காரியங்களில் நீதியும் இஹ்ஸானும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. கூலி என்பது நீதியின் கணக்கு. நன்றி என்பது இஹ்ஸானின் கணக்கு. ஒரு கணக்கில் கட்டிய பணத்தை வைத்து இன்னொரு கணக்கை முடித்துவிட முடியாது. "காசு கொடுத்தாச்சு" என்ற பதில் முதல் கணக்குக்குத்தான் செல்லும்.

ஒப்படைப்பதும் ஓர் அமல்

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருவருடைய பொருளை இன்னொருவரிடம் கொண்டு சேர்ப்பது என்பது இஸ்லாத்தில் வெறும் சுமைகூலி வேலை அல்ல. அது அமானிதம்.

நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். கொலை செய்யக் காத்திருக்கிறார்கள் எதிரிகள். அந்த எதிரிகளின் ஊர்க்காரர்களே நம்பிக் கொடுத்து வைத்த பொருள்கள் நபியவர்களிடம் இருந்தன. அவற்றை விட்டுவிட்டுப் போகவில்லை. உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்திவிட்டுத்தான் புறப்பட்டார்கள். அலீ (ரலி) ஒவ்வொன்றையும் உரியவரிடம் சேர்த்துவிட்டு, அதன் பிறகே மதீனா வந்து சேர்ந்தார்கள். உயிருக்கு ஆபத்தான ஊரில் ஒரு இளைஞர் தங்கியதற்குக் காரணம், பொருள் உரியவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதுதான்.

புகாரி, முஸ்லிம் நூல்களில் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. தர்மம் செய்பவர் ஒருவர். அந்தப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பாளர் இன்னொருவர். அந்தப் பொறுப்பாளர் நம்பிக்கைக்குரியவராக இருந்து, சொன்னதைச் சொன்னபடி, குறைக்காமல், முகம் கோணாமல், யாருக்குக் கொடுக்கச் சொன்னார்களோ அவரிடமே கொடுத்தால், அவரும் தர்மம் செய்தவர்களில் ஒருவராகிறார் என்பது அதன் கருத்து. பொருள் அவருடையது அல்ல. ஆனாலும் பங்கு உண்டு! அதற்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்றைப் பாருங்கள்: மனமுவந்து கொடுக்கவேண்டும். கொண்டு சேர்த்தாரா என்பது மட்டுமல்ல, எப்படிச் சேர்த்தார் என்பதும் பார்க்கப்படுகிறது. நடுவில் இருப்பவர் வெறும் குழாய் அல்ல, தண்ணீர் உள்ளே வந்து வெளியே போவதற்கு. அவரும் ஒரு மனிதர். அவர் செய்வதும் ஒரு செயல்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. குன்னூர் பகுதியில் சிவன் என்று ஒரு தபால்காரர். முப்பது ஆண்டுகள், தினமும் 15 கிலோமீட்டர் அளவுக்குக் காட்டு வழியில் நடந்து தபால் கொடுத்தவர். யானை துரத்தியிருக்கிறது, கரடி, காட்டெருமைகளைத் தாண்டிப் போயிருக்கிறார், வழுக்கும் ஓடைகளைக் கடந்திருக்கிறார். 2020ல் அவர் ஓய்வு பெற்றபோது, ஐ.ஏ.எஸ். அதிகாரி சுப்ரியா சாஹு அவரைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். அதன்பிறகுதான் நாடே அவரைத் தெரிந்துகொண்டது. இன்னொருவர், திருநெல்வேலி மாவட்டம் பாபநாசம் மேலணையில் அஞ்சல் பணியாற்றிய கிறிஸ்துராஜா. இஞ்சிக்குழி என்ற மலைக்காட்டுக் குடியிருப்பில் வாழ்ந்த, நூறு வயதைக் கடந்த காணி இனத்து மூதாட்டி ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை கொண்டுபோய்க் கொடுத்தவர். அணைத் தண்ணீரில் படகு, பிறகு புலிகள் காப்பகக் காட்டில் நீண்ட நடை. ஒரே ஒரு மூதாட்டிக்காக, மாதம் தவறாமல்.

அந்த உதவித்தொகை அரசாங்கத்தின் பணம். ஆனால் அந்தப் பாட்டிக்கு அரசாங்கம் என்பது யார்? காட்டைக் கடந்து வந்த அந்த ஒரு மனிதர்தான். பணம் அனுப்புவது ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். அது போய்ச் சேருவதற்கு ஒரு நல்ல மனிதர் வேண்டும்.

"அவர் ஸ்டாருக்காகச் செய்கிறார்"

இங்கே இன்னொரு ஆட்சேபணை வரும். "அந்தத் தபால்காரர் வேறு. இப்போது வருகிறவர்கள் ஐந்து ஸ்டார் ரேட்டிங் வேண்டும் என்பதற்காகத்தான் சிரிக்கிறார்கள், பணிவாகப் பேசுகிறார்கள். இதற்குப் போய் நன்றியா?"

உள்ளத்தின் நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ். நமக்குக் கிடைத்தது வெளிப்படையான நன்மை. அதற்குத்தான் நாம் பதில் சொல்லவேண்டும். வைத்தியர் காசு வாங்குகிறார், ஆசிரியர் சம்பளம் வாங்குகிறார்; அதனால் அவர்களுக்கு நன்றி இல்லை என்று சொல்கிறோமா? அப்படியிருக்க, வெயிலில் வந்தவரிடம் மட்டும் நிய்யத்தைத் தோண்டிப் பார்ப்பது ஏன்? அவர் நம்மைவிடத் தாழ்ந்தவர் என்ற எண்ணம் எங்கோ ஒளிந்திருப்பதால்தானே?

அந்த எண்ணத்தின் வேர் எங்கே போய் முடியும் தெரியுமா? காரூனிடம். அவனுக்குச் செல்வம் இருந்தது. கேட்டபோது என்ன சொன்னான்? இதெல்லாம் என் அறிவால், என் திறமையால் வந்தது என்றான். யாருக்கும் நான் கடன்பட்டவன் அல்ல என்ற வார்த்தை அது. "என் காசு, நான் கொடுத்தேன், வந்தது" என்று மனிதர்களிடம் பேசிப் பழகிய நாக்கு, நாளை "என் உழைப்பு, நான் சம்பாதித்தேன்" என்று ரப்பிடமும் பேசும். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வரும் நபிமொழியின் ஆழம் இதுதான். நன்றி என்பது இரண்டு உள்ளங்களில் இருப்பதில்லை. ஒரே உள்ளம்தான். அது மனிதனிடம் மூடினால் அல்லாஹ்விடமும் மூடிக்கொள்ளும்.

நன்றி மட்டும் போதுமா?

இப்போது எதிர்ப்பக்கத்துக் கேள்வியையும் கேட்கவேண்டும். அது இன்னும் கடினமான கேள்வி. "வாயால் ஒரு நன்றி சொல்லிவிட்டால் அவர் வயிறு நிறைந்துவிடுமா? கூலி குறைவு, விபத்து நடந்தால் ஆதரவு இல்லை, லீவு போட்டால் வருமானம் இல்லை. இந்த நிலைமையில் நன்றி சொல்வது, அநியாயத்தின் மேல் பன்னீர் தெளிப்பது போல் ஆகாதா?"

நியாயமான கேள்வி. அல்லாஹ் நீதியைத்தான் முதலில் சொன்னான், இஹ்ஸானைப் பிறகுதான் சொன்னான் என்பதை மறக்கக்கூடாது. உழைப்பாளியின் வியர்வை காயும் முன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸ் இப்னுமாஜாவில் இருக்கிறது. கூலியைக் குறைத்துவிட்டுப் புன்னகையால் ஈடுகட்ட முடியாது.

இது சிலருடைய பிரச்சினையும் அல்ல. நிதி ஆயோக் 2022ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020-21ல் நம் நாட்டில் இதுபோன்ற செயலிவழி, தற்காலிக வேலைகளில் இருந்தவர்கள் சுமார் 77 லட்சம் பேர். 2029-30ல் அது 2.35 கோடியாகும் என்று கணித்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்தத் தொழிலாளர்களை முதன்முறையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ராஜஸ்தான் 2023ல் இவர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. நம் தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் சுதந்திர தின உரையில் இவர்களுக்குத் தனி நலவாரியம் அறிவித்தார், வாரியமும் அமைக்கப்பட்டது. 2025-26 பட்ஜெட்டில், வாரியத்தில் பதிவு செய்தவர்களில் 2,000 பேருக்குப் புதிய மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது.

இதை ஏன் மிம்பரில் சொல்கிறோம்? நம் மஹல்லாவிலேயே இந்த வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். படித்த இளைஞர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர்களுக்குப் பதிவு செய்து கொடுத்தால், அது ஆயிரம் நன்றிக்குச் சமம்.

ஆனால் ஒன்று. சட்டம் செய்யவேண்டியதைச் சட்டம் செய்யட்டும், நிறுவனம் கொடுக்கவேண்டியதை நிறுவனம் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு நாம் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. நம் வாசலில் நடப்பதற்கு நாம்தான் பொறுப்பு. அங்கே நீதி என்பது நம் கையில்தான் இருக்கிறது.

நம் வாசலில் நீதி

ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் நாளைக்கு 60 வீட்டுக்குப் பார்சல் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் "இதோ வர்றேன்" என்று இரண்டு நிமிடம் நிற்க வைத்தால், மொத்தம் 120 நிமிடம். இரண்டு மணி நேரம்! பல இடங்களில் பார்சல் கணக்கில்தான் கூலி. அந்த இரண்டு மணி நேரம் யாருடையது? அவர் பிள்ளைகளோடு இருக்கவேண்டிய நேரம் அது. நமக்கு இரண்டு நிமிடம் தெரியாது. அவருக்கு இரவு தெரியும்.

பத்து நிமிடத்தில் பொருள் வரவேண்டும் என்கிறோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூன்று கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். பொருளை எடுத்துக் கட்டவே மூன்று நான்கு நிமிடம் ஆகும். கடை பக்கத்தில் இருப்பதால் முடிகிறது என்று நிறுவனங்கள் சொல்கின்றன. ஜி.எஸ்.டி. சாலை சிக்னலுக்கு அது தெரியுமா? மறந்துபோன ஒரு கொத்தமல்லிக் கட்டுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையை லாரிகளுக்கு நடுவே விரட்டத்தான் வேண்டுமா என்று ஆர்டர் போடும் விரல் ஒரு நொடி நின்று யோசிக்கட்டும். கொஞ்சம் தாமதமாக வந்தால் கத்தாதீர்கள். அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒரு தடவைகூட "சீ" என்று நபியவர்கள் சொன்னதில்லை. ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கேட்டதும் இல்லை. பத்து ஆண்டு! நமக்குப் பத்து நிமிடம் பொறுக்க முடியவில்லை.

இன்னொரு பாவம் இருக்கிறது. அதைப் பாவம் என்றே பலர் நினைப்பதில்லை. பொருள் வந்த பிறகு "வரவில்லை" என்று புகார் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்குவது. கம்பெனிக்காரன் பணக்காரன்தானே என்பார்கள். அது பொய், அமானித மோசடி, ஹராமான காசு. அந்தப் புகாரின் பழி முதலில் போய் விழுவது பொருளைக் கொண்டு வந்த ஏழைத் தொழிலாளியின் தலையில்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். பணியாளர் உணவு கொண்டு வந்தால் அவரையும் உடன் உட்கார வையுங்கள், முடியாவிட்டால் ஒரு கவளம், இரண்டு கவளமாவது கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். காரணமும் சொன்னார்கள்: அந்த உணவின் சூட்டையும் சிரமத்தையும் தாங்கியவர் அவர். புகாரியில் உள்ளது இந்த ஹதீஸ். இன்று அந்தச் சூட்டை முதுகுப் பையில் சுமந்து வருகிறவர் யார்? பிரியாணி வாசனை வழியெல்லாம் அவர் மூக்குக்கு, பிரியாணி நமக்கு. அவரை உட்கார வைக்க முடியாவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுக்கலாம் அல்லவா?

ரமலானில் மஃக்ரிப் நேரத்துக்கு ஆர்டர் போடுகிறோம். பாங்கு சொல்லும்போது கதவைத் தட்டுகிறவர் நோன்பாளியாக இருக்கலாம். வாசலில் இரண்டு பேரீச்சம்பழமும் தண்ணீரும் தயாராக இருக்கட்டும். நோன்பாளியை நோன்பு திறக்கச் செய்த நன்மை நம் வீடு தேடி வருகிறது. அதைப் பார்சலோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஆர்டர் போடாதீர்கள். முதுகில் பையோடு ஓடிவந்து கடைசி ஸஃப்பில் நின்று, ஸலாம் கொடுத்ததும் ஓடுகிற சகோதரர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களின் ஜும்ஆவைப் பறிப்பவர்களாக நாம் இருக்கவேண்டாம்.

வந்தவர் எந்த மதம் என்று பார்க்கவேண்டாம். 2019 ஜூலையில் ஜபல்பூரில் ஒருவர், உணவு கொண்டு வருபவர் முஸ்லிம் என்பதற்காக ஆர்டரை ரத்து செய்தார். ஆளை மாற்ற அந்தச் செயலி நிறுவனம் மறுத்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது நமக்கெல்லாம் நெஞ்சு வலித்தது. அந்த வலி உண்மை என்றால், நம் வாசலுக்கு வரும் மாற்றுமதச் சகோதரருக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் அது தெரியவேண்டும்.

நம்மால் முடிந்தது

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு பசியால் அழும் குழந்தைகளைக் கண்டு, பைத்துல்மாலிலிருந்து மாவு மூட்டையைத் தன் முதுகிலேயே சுமந்து போன வரலாறு நாம் அறிந்ததுதான். நான் சுமக்கிறேன் என்று பணியாளர் அஸ்லம் கேட்டபோது, மறுமையில் என் சுமையை நீ சுமப்பாயா என்ற கருத்தில் மறுத்துவிட்டார்கள். வாசலில் ஒரு குடும்பத்துக்கு உணவைக் கொண்டுபோய் இறக்குவது கலீஃபாவுக்குக் கௌரவக் குறைவாகப் படவில்லை. அந்த வேலையைச் செய்பவரைப் பார்த்து நாம் முகம் திருப்புவது எந்தக் கௌரவம்?

ஆகவே, ஜமாஅத்தார்களே, சில காரியங்களை இன்றே செய்வோம். முகவரியைத் தெளிவாக, அடையாளத்தோடு எழுதுவோம். போன் அடித்தால் எடுப்போம். பணத்தைத் தயாராக வைத்திருப்போம். அடுக்குமாடிச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள், டெலிவரி ஆட்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்ற பலகை இருந்தால் அதைக் கழற்றுங்கள். நம் பள்ளிவாசலின் குடிநீரும் கழிப்பறையும், இந்தச் சாலையில் ஓடும் எந்தத் தொழிலாளிக்கும், எந்த மதத்தவருக்கும் திறந்திருக்கிறது என்று வாசலில் எழுதி வைப்போம். நாள் முழுக்கச் சாலையில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நன்றியை வாய் திறந்து சொல்வோம். முகத்தைப் பார்த்துச் சொல்வோம், செல்போனைப் பார்த்து அல்ல. நன்றாக நடந்துகொண்டவரைப் பற்றி அந்தச் செயலியில் இரண்டு வார்த்தை எழுதுவோம். குறை என்றால் உடனே எழுதத் தெரிந்த நமக்கு நிறைவையும் எழுதத் தெரியவேண்டும். கைம்மாறு செய்ய முடியாவிட்டால், செய்துவிட்டோம் என்று மனம் நிறையும் வரை துஆச் செய்யச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அவர் திரும்பி வண்டியைக் கிளப்பும்போது, "யா அல்லாஹ், இவரைப் பத்திரமாக வீடு சேர்ப்பாயாக" என்று ஒரு துஆ. நம் பொருளைப் பத்திரமாக நம் வீட்டில் சேர்த்தவருக்கு, அதைவிடப் பொருத்தமான பதில் வேறென்ன?

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்கை எங்கள் வாசல் வரை கொண்டு வரும் எல்லாக் கரங்களுக்கும் பரக்கத் செய்வாயாக. அவர்களைச் சாலை விபத்துகளிலிருந்தும், வெயில் மழையின் துன்பங்களிலிருந்தும் பாதுகாப்பாயாக. கூலியில் நீதியையும், நடத்தையில் இஹ்ஸானையும் எங்களுக்குத் தருவாயாக. மனிதர்களுக்கு நன்றி சொல்லும் நாவையும், உனக்கு நன்றி செலுத்தும் உள்ளத்தையும் எங்களுக்கு வழங்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.